மின்புலம் அசைக்கும் காந்த அலைகள்

(அறிவியற் பொழிவின் எழுத்து வடிவு)



காந்தமுள்ளைத் திருப்புவது காந்தம். நிலையாக நிற்கும் மின்சுமைக்கு அம்முள்ளின் வடமுனையும் தென்முனையும் ஒன்றே. அவற்றை அது பிரித்தறியாது. 1820ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு எர்சுதெடு, கம்பியில் மின்னோட்டம் பாயும்போது பக்கத்திலிருந்த காந்தமுள் திரும்பியதைக் கண்டார். அற்றை நாள் தொட்டு மின்னும் காந்தமும் உறவுடையன என்பது உலகறிந்த செய்தி. ஆனால், அவ்வுறவு ஓட்டத்தால் வந்த உறவு. ஓடாத மின்சுமை, ஒரிடத்தே நிற்கும் மின்புலம், காந்தத்தைத் தொடுமா என்னும் வினா அதன்பின்னும் நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. அவ்வினாவுக்குச் சில படிகங்கள் தந்த விடையும், அவ்விடையை அறிவியலார் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கேட்டறிந்த வகையுமே இப்பொழிவின் பொருள்.

இயற்கை இவ்விரண்டையும் ஏன் பிரித்து வைத்தது என்பதை முதற்கண் காண்க. மின்முனைவு என்பது நேர்மின் ஒருபுறமும் எதிர்மின் மறுபுறமுமாக விலகி நிற்றல். காந்தமோ அணுவுக்குள் மின்னணு கொண்டுள்ள தற்சுழற்சியால் வருவது. ஒரு நிகழ்வைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் இடஞ்சுழி வலஞ்சுழியாகும். காந்தத்தின் வடக்குத் தெற்காகும். விலகி நிற்கும் மின்சுமைகளோ, படத்தை எப்பக்கம் ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இனி, படத்தை விடுத்துப் பொருளை மாற்றுக. அதன் ஒவ்வொரு துகளையும் நடுப்புள்ளிக்கு நேரெதிரான இடத்துக்கு மாற்றி வைத்தால் மின்முனைவு தலைகீழாகும். சுழற்சி மட்டும் மாறாது. இவ்வாறு ஒன்று அசையும் மாற்றத்துக்கு மற்றொன்று அசையாது. இவ்விருவகை ஒப்புகளையும் ஒருங்கே இழந்த படிகத்தில்தான் மின்புலம் காந்தத்தையும் காந்தப்புலம் மின்முனைவையும் நேராகத் தொடமுடியும்.

அத்தகைய படிகம் இருத்தல் கூடும் என்று 1894ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுப் பியேர் கியூரி எழுதினார். எழுதியதோடு சரி, எந்தப் படிகம் என்று எவருக்கும் தெரியவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1959இல், உருசிய அறிஞர் சியாலோசின்சுகி, குரோமியமும் உயிர்வளியும் சேர்ந்த பச்சைநிறச் சேர்மத்தைப் பெயர் சுட்டி, அதில் அவ்விளைவு இருந்தே தீரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். மறு ஆண்டே அசுத்திரோவ் என்பார் அப்படிகத்தின்மீது மின்புலம் செலுத்தி, அதனால் எழுந்த காந்தத்தை அளந்து காட்டினார். எழுந்த காந்தம் மிகச் சிறிது, ஆயினும் சுழியன்று. ஒரு படிகத்தின் அணுவடுக்கை மட்டும் நோக்கி, அதில் இன்னது நிகழும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னவாறே கண்டது, தாளும் எழுதுகோலும் ஆய்வுக்கூடத்தை முந்திச் சென்ற அரிய நிகழ்வுகளுள் ஒன்று.

குரோமியச் சேர்மத்தில் காந்த ஒழுங்கு உண்டு. தானே நிற்கும் மின்முனைவு இல்லை. புறத்தே புலம் செலுத்தினால்தான் விளைவு எழும். காந்த ஒழுங்கும் தன்மின்முனைவும் ஒரே படிகத்தில் ஒருங்கே நிலைபெறுமாயின் உறவு இன்னும் நெருங்கும். இத்தகைய படிகங்களுக்கு 1994இல் சுமிது என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் ஒரு பெயரிட்டார். அப்பெயரின் வேர் இலத்தீன மொழியில் இரும்பைக் குறிப்பது. முன்னொட்டோ 'பல' என்பது. அதை அப்படியே மொழிபெயர்த்துப் 'பல்லிரும்பியம்' என்றால், இரும்பணு ஒன்றேனும் இல்லாத படிகத்தையும் இரும்பென்று அழைக்க நேரும். இனிக் கூறவிருக்கும் தலைமைப் படிகத்தில் இரும்பே இல்லை. ஆகலின், மின்னொழுங்கும் காந்தவொழுங்கும் ஆகிய இரண்டும் உடைய இப்படிகத்தை 'ஈரொழுங்குப் படிகம்' என்றே இங்கு வழங்குதல் பொருந்தும். சொல்லைப் பெயர்ப்பதை விடப் பொருளைப் பெயர்ப்பது நன்று என்பதற்கு இது போன்ற இன்னோர் எடுத்துக்காட்டும் பின்னர் வரும்.

ஈரொழுங்குப் படிகங்கள் ஏன் இத்துணை அரியன என்னும் வினாவையே தலைப்பாக்கி 2000ஆம் ஆண்டில் நிக்கோலா இல் என்னும் அம்மையார் ஓர் ஆய்வுரை எழுதினார். வழக்கமான மின்முனைவுப் படிகங்களில் அணுவின் ஒரு மின்னணுக்கூடு வெறுமையாக இருக்க வேண்டும். காந்தத்துக்கோ அதே கூட்டில் மின்னணு ஓரளவேனும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று வேண்டுவதை மற்றொன்று வேண்டாது என்பதே அவ்வுரையின் சாரம். அதன்பின் மூன்றாண்டில், அவ்வழியை விட்டு வேறு வழியாக இரண்டையும் ஒன்றுசேர்த்த ஒரு படிகம் வெளிப்பட்டது.

2003ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் கிமுராவும் தோக்குராவும் அவர்தம் குழுவினரும் தெர்பியம், மாங்கனீசு, உயிர்வளி மூன்றும் சேர்ந்த ஒரு படிகத்தை ஆய்ந்தனர். அதன் இயல்பை அறிதற்கு, வெப்பநிலையைக் கெல்வின் அளவில் கொள்க. அறைச்சூடு அவ்வளவில் ஏறத்தாழ 300. இப்படிகத்தில் 41 கெல்வினுக்குக் கீழே மாங்கனீசு அணுக்களின் காந்தமுட்கள் ஒழுங்குபடத் தொடங்குகின்றன. 28 கெல்வினுக்குக் கீழே, அஃதாவது நீர் உறையும் நிலைக்கும் 245 பாகை கீழே, அவ்வொழுங்கு வடிவு மாறுகிறது. உடன் மின்முனைவும் தோன்றுகிறது. அம்முனைவு வலியதன்று. பேரியமும் தித்தானியமும் சேர்ந்த புகழ்பெற்ற மின்முனைவுப் படிகத்தினதை நோக்க, சில நூறில் ஒரு பங்கே. ஆனால் புறத்தே காந்தப்புலம் செலுத்தினால் அம்மின்முனைவு ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்குத் திரும்பிப் படுக்கிறது. காந்தம் சொல்ல மின் கேட்கிறது. இதுவே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களை அப்படிகத்தின்பால் திருப்பிய செய்தி.

28 கெல்வினுக்குக் கீழே எழும் வடிவை மனத்தில் எழுதிக்கொள்வது பின்வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சாலையில் உருண்டு செல்லும் வண்டியுருளையின் ஓர் ஆரக்காலை நோக்குக. ஓரிடத்தில் அது மேல்நோக்கியிருக்கும். சற்றுத் தள்ளி முன்சாய்ந்திருக்கும். இன்னும் தள்ளிக் கீழ்நோக்கியிருக்கும். அவ்வாறே, படிகத்தின் நீள அச்சு நெடுகிலும் அடுத்தடுத்த அணுக்களின் காந்தமுட்கள் ஒன்றைவிட ஒன்று சிறிது திரும்பி, உருளும் உருளையின் ஆரக்கால் போல் நிற்கின்றன. அந்த உருளை நிற்கும் தளம், நீள அச்சும் உயர அச்சும் கூடிய நிமிர்தளம். உருளை முன்னோக்கி உருள்வதாக முட்கள் அடுக்கப்பட்டிருந்தால் மின்முனைவு உயர அச்சில் ஒரு திசை நோக்கும். பின்னோக்கி உருள்வதாக இருந்தால் அதற்கு நேரெதிர்த் திசை நோக்கும். கத்சுரா, நகாவோசா, பலாத்சுகி மூவரும் 2005இல் இதற்குக் கரணியம் கண்டனர். ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கும் இரு முட்கள், தம்மிடையே பாலமாக நிற்கும் உயிர்வளியணுவின் மின்சுமையை ஒருபுறமாக ஒதுக்குகின்றன என்பது அது. எல்லா முட்களும் ஒரே போக்கில் திரும்புவதால் எல்லா ஒதுக்கமும் ஒரே பக்கமாகச் சேர்ந்து மின்முனைவாகிறது. அழகிய விளக்கம், நிற்கும் மின்முனைவுக்கு இன்றளவும் அதுவே விளக்கம்.

நிற்பதைக் கூறியாயிற்று. இனி அசைவது.

ஒழுங்குபட்ட காந்தமுட்கள் கட்டிப்போட்டவை போல் நிற்பதில்லை. ஒரு முள்ளை இழுத்து விட்டால் அதன் ஆட்டம் அடுத்ததைத் தொற்றி, வயலில் நெற்கதிர்மேல் காற்று ஓடுவது போல் படிகமெங்கும் அலையாக ஓடும். இதுவே காந்த அலை. ஒளி இவ்வலையை எழுப்ப வல்லது. ஒளிக்கு இரு கைகள் உள்ளன. ஒன்று மின்புலம், மற்றொன்று காந்தப்புலம். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வீசிக்கொண்டே செல்கின்றன. வழக்கமான காந்தப்படிகத்தில் காந்தக்கைதான் முட்களை அசைக்கும். 1961இல் இரும்பும் புளூரினும் சேர்ந்த படிகத்தில் ஓல்மனும் திங்காமும் சேய்மை அகச்சிவப்பில் கண்ட காந்த அலைக்கோடு இவ்வகையினது. ஆனால் காந்தக்கை மிக மெலியது. மின்கையின் வலிமையே வேறு. அது படிகத்தின் அணுக்களையே பிடித்து உலுக்கும். ஈரொழுங்குப் படிகத்தில் காந்த அலையை மின்கையே அசைக்கக்கூடும் என்று சோவியத்து அறிஞர் பார்யாக்தரும் சூப்பிசும் 1969ஆம் ஆண்டளவிலேயே கணக்கிட்டிருந்தனர். காண்பார்தாம் இல்லை.

இவ்வலைக்கு மேலைநாட்டார் இட்ட பெயரில் 'மின்' என்பதும் 'காந்தம்' என்பதும் ஒட்டி நிற்கின்றன. அதை அவ்வாறே எடுத்தால் 'மின்காந்த அலை' என்றாகும்; அதுவோ ஒளிக்கே முன்னரே வழங்கும் பெயர். ஒளி மின்காந்த அலையை எழுப்பியது என்று எழுதினால் படிப்பவர் தலைசுற்றிப் போவர். மின்புலத்தால் அசைவது எனும் பொருளை எடுத்து 'மின்னசை காந்த அலை' என்றால் குழப்பம் தீரும். வினைத்தொகையாகலின் அசைத்த, அசைக்கின்ற, அசைக்கும் என முக்காலமும் அதனுள் அடங்கும்.

அவ்வலையைக் காணும் கருவி பற்றிச் சிறிது கூறவேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு செந்திமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 20,000 அலைகள் அடங்கும். காந்த அலையோடு இசையும் ஒளியிலோ 20 அலைகளே அடங்கும். ஓரலை அரை மில்லிமீட்டர் நீளம். நொடிக்கு 60,000 கோடி அதிர்வு. 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்சல், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பாலுள்ள இருட்டில் வெப்பமானியை வைத்துச் சூடு ஏறக் கண்டாரே, அந்த அகச்சிவப்பின் கடைக்கோடி இது. இதற்கப்பால் வானொலியின் நுண்ணலைகள் தொடங்கிவிடும். இரு துறைக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் இரு துறையாரின் கருவிகளும் தடுமாறும். ஒளியூற்றுகள் மங்கலானவை. காற்றிலுள்ள நீராவி இவ்வொளியைப் பெரிதும் விழுங்கிவிடுமாகலின், ஒளி செல்லும் வழியெங்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றினும் பெரிய தொல்லை சூடு. அறைச்சூட்டின் ஆற்றல், தேடும் அலையின் ஆற்றலைப்போல் பத்து மடங்கு. சுவரும் மேசையும் ஆய்வாளர் கையுமே இவ்வொளியில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே படிகத்தை மட்டுமன்றி, ஒளியை உணரும் பொறியையும் நீர்ம ஈலியத்தில், 4 கெல்வின் அளவில், குளிர்வித்தே வைப்பர்.

வழிகள் இரண்டு. இதள் (பாதரசம்) ஆவி விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிற்கும் ஆடியிலும் மற்றொன்றை நகரும் ஆடியிலும் பட்டுத் திரும்பச் செய்து, மீண்டும் சேர்த்துப் படிகத்தின் வழியே விடுவது ஒருவழி. ஆடி நகர நகர ஒளி கூடிக் குறைவதைப் பதிந்து, அப்பதிவிலிருந்து எந்த அலையெண்ணில் எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று கணக்கால் பிரித்தெடுப்பர். ஒரே அலையெண்ணுள்ள ஒளியைத் தரும் வெற்றிடக் குழல்களை ஒவ்வொன்றாக மாற்றி அளப்பது மற்றொரு வழி. இதில் மாசுகோ ஆய்வாளர் தேர்ந்தவர். இரு வழியிலும் இன்றியமையாதது, இணையாக நெருங்கி நிற்கும் மென்கம்பிகளாலான ஒரு சட்டம். அதைத் திருப்பி வைத்தால் ஒளியின் மின்கை எந்த அச்சில் வீசவேண்டும் என்பதை ஆய்வாளரே முடிவு செய்யலாம். கதையின் திருப்பமெல்லாம் அந்தச் சட்டத்தைத் திருப்பியதில் இருக்கிறது.

2006ஆம் ஆண்டில் செருமனியின் ஆகுசுபர்கு நகரத்தாரும் மாசுகோவினரும் சேர்ந்து, பிமெனோவ் தலைமையில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தெர்பியப் படிகத்திலும் அதன் உடன்பிறப்பாகிய கதோலினியப் படிகத்திலும் 20ஐ ஒட்டிய அலையெண்ணில் ஓர் உட்கவர்ச்சி கண்டிருந்தனர். அஃது அணிக்கோவையின் வெறும் அதிர்வன்று. அவ்வதிர்வுகள் 100க்கு மேற்பட்ட அலையெண்களிலேயே தொடங்கும். காந்தத்தொடு பிறந்தது என்பதற்குச் சான்று, கதோலினியப் படிகத்தின்மேல் காந்தப்புலம் செலுத்தியதும் அக்கோடு அவிந்துபோனது. அதை அசைப்பது எந்தக் கை? படிகத்தை வெவ்வேறு தளங்களில் அறுத்து, மின்கை அகல அச்சில் இருக்க, காந்தக்கையை ஒருமுறை நீள அச்சிலும் மறுமுறை உயர அச்சிலும் வைத்து அளந்தனர். காந்தக்கை எங்கிருந்தாலும் கோடு தோன்றியது. மின்கையை அகல அச்சை விட்டு விலக்கினால் கோடு இல்லை. ஆக, காந்த ஒழுங்கில் பிறந்த அலையை மின்கை அசைக்கிறது. இவ்வளவு சான்று கையிலிருந்தும் அவ்வுரையின் தலைப்பில் அவர்கள் 'கண்டோம்' என்று முழங்கவில்லை. 'சான்றாகலாம்' என்னும் அளவிலேயே நிறுத்திக்கொண்டனர். அந்த அடக்கம் தேவையாக இருந்தது என்பதைப் பின்வந்த மூன்றாண்டுகள் காட்டின.

மறு ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துச் சுசுகோவும் குழுவினரும் வேறொரு மாங்கனீசுக் குடும்பத்திலும் இத்தகைய அலையைக் கண்டனர். படிகம் குளிரும்போது அதன் விடுதிறன், அஃதாவது மின்புலத்துக்கு இசைந்து கொடுக்கும் அளவு, திடுமெனப் படிபோல் உயர்வதற்குக் கரணியம் தெரியாதிருந்தது. புதிதாகத் தோன்றிய அலையின் வலிமையைக் கணக்கிட்டால் அப்படியின் உயரம் சரியாகக் கிடைத்தது. ஆக, இது காட்சிக்குரிய சிறுகோடு மட்டுமன்று; படிகத்தின் மின்னியல்பையே மாற்றும் அளவு வலியது.

இனி எழுந்த வினா: மின்கை முள்ளை எவ்வாறு பிடிக்கிறது?

விடை கைவசமே இருந்தது போல் தோன்றிற்று. நிற்கும் மின்முனைவை விளக்கிய அதே கொள்கையை ஆட்டத்துக்கும் நீட்டினால் போதும். மின்முனைவு உருளையின் தளத்தோடு கட்டுண்டது. ஒளியின் மின்கை அம்முனைவைத் தளத்துக்கு வெளியே, பக்கவாட்டில் இழுத்தால், கட்டுண்ட உருளையும் பக்கவாட்டில் சாயும். கை முன்னும் பின்னும் வீச, உருளை இடமும் வலமும் சாய்ந்தாடும். நிமிர்தளத்துக்குப் பக்கவாட்டு என்பது அகல அச்சு. கோடு தோன்றியதும் அகல அச்சில்தான். கொள்கை சொன்ன திசையும் கருவி காட்டிய திசையும் ஒன்று. நிற்பதற்கும் ஆடுவதற்கும் ஒரே கரணியம்; இதைவிடச் செப்பமான முடிவு வேண்டுமா? பலரும் வினா முடிந்தது என்றே கருதினர்.

ஆனால் ஒன்றைச் செய்து பார்க்கவேண்டியிருந்தது. உருளையின் தளத்தையே படுக்க வைத்தால் என்னாகும்? உருளை அகல அச்சும் நீள அச்சும் கூடிய கிடைத்தளத்தில் படுத்துவிட்டால், அதற்குப் பக்கவாட்டு உயர அச்சு. கொள்கை மெய்யாயின், கோடு அகல அச்சை விட்டு உயர அச்சுக்கு இடம்பெயர வேண்டும்.

சப்பானில் கிடாவும் குழுவினரும் 2008இல் திசுபுரோசியப் படிகத்தில் இதைச் செய்தனர். காந்தப்புலம் செலுத்தி, நிமிர்ந்து நின்ற உருளையைக் கிடையாகச் சாய்த்தனர். மின்முனைவு உயர அச்சிலிருந்து அகல அச்சுக்குத் திரும்பியது. ஆகவே உருளை சாய்ந்தது உறுதி. கம்பிச்சட்டத்தைத் திருப்பி, மின்கையை ஒவ்வோர் அச்சிலும் வைத்து அளந்தனர். கோடு இடம்பெயரவில்லை. அகல அச்சிலேயே நின்றது. மேரிலாந்தினர் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தனர். புலம் ஏதுமின்றித் தானாகவே கிடைத்தளத்தில் உருளும் யூரோப்பிய இயித்திரியப் படிகம் ஒன்று உண்டு. அதிலும் கோடு அகல அச்சில்தான்.

உருளை எத்தளத்தில் இருந்தாலும் கோடு அசையவில்லை என்றால், அக்கோடு உருளையின் தளத்துக்குக் கட்டுப்பட்டதன்று. படிகத்தின் அணிக்கோவைக்குக் கட்டுப்பட்டது. அழகிய விளக்கம் ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை. முதற்படிகத்தில் திசை பொருந்தியது தற்செயல். அப்படிகம் ஒன்றை மட்டும் ஆய்ந்து நின்றிருந்தால், பிழையான விளக்கம் நூல்களில் ஏறி நிலைத்திருக்கும். அதை மறுக்க ஓர் அளவீடும் அன்று இல்லை.

வால்தேசு அகுலார், மோசுத்தோவோய் முதலானோர் 2009இல் தந்த புதிய விளக்கம் பழையதைப் போல் நேரியதன்று, ஆயினும் வலியது. இரு மாங்கனீசு அணுக்களுக்கிடையே உயிர்வளியணு பாலமாக நிற்கிறது. அப்பாலம் நேராக இல்லை. முழங்கை போல் மடங்கியிருக்கிறது. அடுத்தடுத்த பாலங்கள் ஒன்று இப்பக்கமும் ஒன்று அப்பக்கமுமாக மடங்கியவை. இரு முட்களும் ஒன்றையொன்று எவ்வளவு வலிவாகப் பிணைக்கின்றன என்பது, அம்முழங்கை எவ்வளவு மடங்கியுள்ளது என்பதைப் பொறுத்தது. மின்கை உயிர்வளியணுக்களை எல்லாம் ஒரே பக்கம் தள்ளும்போது, ஒரு முழங்கை சிறிது நிமிர்கிறது; அடுத்தது இன்னும் மடங்குகிறது. ஆகவே ஒரு பிணைப்பு வலுக்கிறது, அடுத்தது தளர்கிறது. கோலாட்டத்தில் ஒவ்வொருவரும் வலப்பக்கத்தாரோடு ஒருமுறையும் இடப்பக்கத்தாரோடு ஒருமுறையும் திரும்பிக் கோல் தட்டுவதைப் போல், ஒவ்வொரு முள்ளும் ஒருகால் இப்பக்கத்து முள்ளை நோக்கியும் மறுகால் அப்பக்கத்து முள்ளை நோக்கியும் திரும்புகிறது. அகல அச்சில் மின்கை வீசினால் இது நிகழும்; உருளை எத்தளத்தில் இருந்தாலும் நிகழும்.

ஆனால் முட்கள் உருளை வடிவில் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றாலன்றி நிகழாது. முட்கள் முற்றிலும் இணையாகவோ முற்றிலும் எதிராகவோ நின்றால், பிணைப்பை எவ்வளவு வலுவாக்கினாலும் அவை திரும்புவதற்கு இடமில்லை. நூலை நேராக இழுத்துப் பிடித்த பின் மேலும் இழுத்தால் அது பக்கம் திரும்பாதன்றோ! உருளை வடிவு வேண்டும்; ஆனால் உருளையின் தளம் எது என்பது வேண்டியதில்லை. இந்த நுணுக்கமே முதலில் எல்லாரையும் மயக்கியது.

ஆக, ஒரே படிகத்தில் மின்முனைவு நிற்பதற்கு ஒரு கரணியம். காந்த அலை மின்கைக்கு ஆடுவதற்கு வேறொரு கரணியம். நிற்பதைத் தருவது, தற்சுழற்சிக்கும் மின்னணுவின் ஓட்டப்பாதைக்கும் உள்ள மெலிந்த பிணைப்பு. ஆட்டத்தைத் தருவது, முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள வலிய பரிமாற்றப் பிணைப்பு. சிறிய மின்முனைவுடைய படிகம் இத்துணை வலிய கோட்டைக் காட்டியது ஏன் என்பதும் இதனால் விளங்கிற்று. இவ்விளக்கம் 60 அலையெண்ணருகே காணும் பெருங்கோட்டுக்கு நேராகப் பொருந்துகிறது. 20ஐ ஒட்டிய கோடு மட்டும் மிச்சமாக நின்றது. உருளை சீராக உருளவில்லை, சில இடங்களில் விரைந்தும் சில இடங்களில் தயங்கியும் திரும்புகிறது என்பதைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் கிடைக்கும் என்று 2010இல் மொச்சிசுக்கி, புருக்காவா, நகாவோசா மூவரும் காட்டினர். முந்திய விளக்கத்தைத் தந்த நகாவோசாவே திருத்தத்திலும் ஒருவராக நின்றது குறிக்கத்தக்கது.

பயன் என்ன என்று கேட்பார் உளர். இற்றைநாள் நினைவுப் பொறிகள் காந்தத்தில் எழுதும்போது மின்னோட்டத்தைப் பாய்ச்சுகின்றன. ஓட்டம் பாய்ந்தால் சூடு எழும், ஆற்றல் வீணாகும். ஓட்டமின்றி மின்புலத்தாலேயே காந்தத்தைத் திருப்பினால் அவ்வீண் குறையும். இவ்வலை அதற்கொரு வழியாகுமா என 2014இல் ஓர் ஆய்வு சோதித்தது. தெர்பியப் படிகத்தின்மேல் அதன் பெருங்கோட்டுக்கு இசைந்த, நொடிக்கு 1,80,000 கோடி அதிர்வுள்ள, மிகக் குறுகிய ஒளித்துடிப்பைச் செலுத்தினர். முட்கள் திரும்புவதை அமெரிக்காவின் சுதான்போர்டில் உள்ள ஊடுகதிர்ப் பொறியால் நேரே அளந்தனர். உருளை 4 பாகை அளவு திரும்பி மீண்டது. புரட்டிப்போட இது போதாது. எனினும் ஒளியின் மின்கை காந்தமுட்களைத் திருப்புகிறது என்பது கணக்காக அன்றிக் காட்சியாகவே வந்துவிட்டது.

இன்னொரு விளைவு எவரும் பெரிதும் எதிர்பாராதது. ஓர் அலையை ஒளியின் மின்கையும் காந்தக்கையும் இரண்டுமே அசைக்க நேர்ந்தால், இரண்டும் ஒரு திசையில் செல்லும் ஒளிக்குத் துணைசெய்யும். எதிர்த்திசையில் வரும் ஒளிக்கு ஒன்றையொன்று மறுக்கும். அப்படிகம் ஒருபுறமிருந்து நோக்கினால் இருண்டும் மறுபுறமிருந்து நோக்கினால் தெளிந்தும் தோன்றும். ஒருவழிக் கதவு போன்ற இவ்வியல்பைப் பேரியம், கோபாலத்து, செருமானியம் கலந்த படிகத்தில் கெசுமார்க்கி தலைமையில் அங்கேரியின் புதாபெசுத்து ஆய்வாளரும் எசுத்தோனியாவின் தல்லின் நகர ஆய்வாளரும் பிறரும் சேர்ந்து அளந்தனர். எசுத்தோனிய மக்கள் எல்லாரும் சேர்ந்து 14 இலக்கம் பேர்; மதுரை நகரத்து மக்கள்தொகையோடு ஒத்து வைத்து எண்ணத்தக்க சிறுநாடு. சேய்மை அகச்சிவப்பும் கடுங்குளிரும் வலிய காந்தப்புலமும் ஒன்றுசேர்ந்த கருவியை வைத்துக்கொண்டு, இத்துறையில் தல்லின் ஆய்வகம் பெருநாடுகளுக்கு நிகராகப் பணியாற்றி வருகிறது.

மிஞ்சி நிற்கும் தடை வெப்பநிலை. பிசுமத்தும் இரும்பும் உயிர்வளியும் சேர்ந்த படிகம் அறைச்சூட்டிலேயே இரண்டு ஒழுங்கையும் தாங்குகிறது. அதன் காந்த ஒழுங்கு 640 கெல்வின் வரையும் மின்முனைவு 1,100 கெல்வின் வரையும் நிலைக்கும். அதன் முட்களும் உருளை வடிவினவே. ஒரு முழுச்சுற்றுக்கு வேண்டும் நீளம், ஒரு மில்லிமீட்டரை 16,000 கூறிட்ட ஒரு கூறு. திருவானைக்காவிற் பிறந்த இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு பாரிசு ஆய்வாளர் 2008இல் அவ்வுருளையின் காந்த அலைகளை ஏணிப்படிகள் போல் வரிசையாகக் கண்டனர். ஆனால் அதில் மின்னொழுங்கும் காந்தவொழுங்கும் வெவ்வேறு வெப்பநிலையில் தனித்தனியே பிறந்தவை. தெர்பியப் படிகத்தில் போல் ஒன்றை ஒன்று பெற்றெடுத்தவை அல்ல.

காந்த ஒழுங்கே மின்முனைவைப் பெற்றெடுக்கும் படிகங்களுள் வெப்பத்தை மிகுதியாகத் தாங்குவனவற்றுள் ஒன்று, அருமண் மாழை எதுவும் வேண்டாத எளிய பொருள். செம்பைக் காற்றில் காய்ச்சினால் மேலே படியும் கருநிறச் சேர்மமே அது. கிமுரா 2008இல் அதன் ஈரியல்பைக் கண்டார். 2014இல் அதில் மின்னசை காந்த அலை காணப்பட்டது. 213 கெல்வின் முதல் 230 கெல்வின் வரை, அஃதாவது உறைநிலைக்கு 60 பாகை கீழிருந்து 43 பாகை கீழ் வரை. அவ்வெல்லைக்கு மேலே மின்முனைவைத் தரும் உருளை வடிவு குலைகிறது; கீழே முட்கள் நேர்கோட்டில் இணைந்து படுத்துவிடுகின்றன. எப்பக்கம் எல்லை கடந்தாலும் அந்தக் கோடு அவிந்துவிடுகிறது.